டி கட்சி, ளி கட்சி, ஒரு மருத மரம்

ஒரு காட்டில், தை மாதம் ஒன்பதாம் தேதி காலை ஆறு மணி இருபது நிமிடத்துக்கு, குளக்கரையில் நாற்பத்தொரு விலங்குகள் நின்றன. இடப்பக்க வரிசையில் இருபது. வலப்பக்க வரிசையில் இருபது. நாற்பத்தோராவது விலங்கான காராயி என்கிற எருமை, இரண்டு வரிசைக்கும் நடுவில் நின்று அசை போட்டுக்கொண்டிருந்தது.

"நீங்க எந்த வரிசைக்கா?" என்று கேட்டது முள்ளம்பன்றி செவத்தையா. அதுதான் காட்டின் எழுத்தர். காட்டிலுள்ள எல்லாக் கோப்புகளும் அதன் முதுகில் இருந்தன. ஒரு தாள் வந்தால் ஒரு முள்ளில் குத்திக்கொள்ளும். அவசரமானவை கழுத்துப் பக்கம், அவசரமில்லாதவை வால் பக்கம். அது ஒருமுறை உட்கார்ந்து எழுந்தால் வால் பக்கத்துக் கோப்புகள் பைசலாகிவிடும்.

"குடிக்கணும். குளிக்கவும் செய்யணும்," என்றது காராயி.

"ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

"எருமைக்கு ரெண்டும் ஒண்ணுதான் தம்பி. உள்ள போய்ப் படுப்பேன். வாய் தண்ணி மட்டத்துல இருக்கும். தன்னால உள்ள போகும்."

"தன்னாலங்கிறதுக்குப் படிவத்துல கட்டம் இல்லையே. டின்னு போடவா, ளின்னு போடவா?"

வாக்காளர் படிவத்தில் இரண்டே கட்டங்கள் இருந்ததற்குக் காரணம் ஒரு பலகை. குளக்கரையில் எப்போதோ யாரோ அதை நட்டுவிட்டுப் போயிருந்தார்கள். 'இக்குளத்தில் கு...க்கலாம்' என்று அதில் எழுதியிருந்தது. நடுவிலிருந்த ஓர் எழுத்தைக் கரையான் தின்றுவிட்டது. அது என்ன எழுத்து என்று கரையானைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். "நாங்க ருசி பார்ப்போம், வாசிக்க மாட்டோம்," என்று சொல்லிவிட்டு அது போய்விட்டது.

போன எழுத்து 'டி' என்றார்கள் சிலர். ஆகவே குளம் குடிக்க. 'ளி' என்றார்கள் சிலர். ஆகவே குளிக்க. முதலாமவர்கள் டி கட்சி. தலைவர் கொம்பையா என்கிற கடமான். இரண்டாமவர்கள் ளி கட்சி. தலைவர் சேத்தாண்டி என்கிற காட்டுப்பன்றி. டி ஆட்சியில் குளிப்பது குற்றம். அப்போது ளிக்காரர்கள் குடிக்கக் குனிந்து, கால் வழுக்கி விழுந்ததாக எழுதிக் கொடுத்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்து எழுந்திருப்பார்கள். ளி ஆட்சியில் குடிப்பது குற்றம். டிக்காரர்கள் வாயைத் திறந்துகொண்டு முங்குவார்கள்.

பிறகு சண்டை பேச்சிலும் புகுந்தது. எதிர்க்கட்சியின் எழுத்தை உச்சரிப்பது துரோகம் என்று இரண்டு கட்சிகளும் தனித்தனியே தீர்மானம் போட்டன. டிக்காரர்கள் கிளியைக் 'கிடி' என்றார்கள். கிளிகள் கோபித்துக்கொண்டு பக்கத்துக் காட்டுக்குப் போயின. ளிக்காரர்கள் செடி கொடியைச் 'செளி கொளி' என்றார்கள். செடி கொடிகளால் எங்கும் போக முடியவில்லை. ஒருநாள் சிறுத்தை வந்தபோது ஒரு ளி முயல், "எல்லாரும் ஓளிருங்க," என்று கத்தியது. கூட்டத்தில் பாதி ஓடியது. மீதிப் பாதி அங்கேயே ஒளிந்துகொண்டது. ஒளிந்தவர்களைப் பற்றி மேல் விவரம் இல்லை.

காராயிக்கு எந்த எழுத்தின் மேலும் வருத்தம் கிடையாது. அதன் கவலை தண்ணீர். எருமைத் தோல் சரியாக வேர்க்காது. வெயில் காலத்தில் பகலில் மூன்று நான்கு மணி நேரமாவது தண்ணீரில் கிடக்காவிட்டால் தோல் வெடித்து, உள்ளே கொதித்து, எருமை விழுந்துவிடும். முந்தைய கோடையில் குளம் வற்றியபோது காராயியின் அக்கா வேறு தண்ணீர் தேடி வடக்கே போனது. திரும்பவில்லை.

இந்த ஆண்டு நிலைமை இன்னும் மோசம். கார்த்திகைப் புயலில் ஒரு மருத மரம் சாய்ந்து, மலை ஓடையிலிருந்து குளத்துக்கு வரும் வாய்க்காலின் வாயில் குறுக்கே விழுந்துவிட்டது. வர வேண்டிய தண்ணீரெல்லாம் திசைமாறிப் பள்ளத்தில் ஓடியது. அந்த மரத்தைத் தூக்க ஒரு யானை போதும். யானையும் இருந்தது. பெயர் வேழமுத்து, காட்டின் பொதுப்பணிகளைப் பார்த்துவந்தது. ஆனால் எழுத்து மூலமான ஆணை இல்லாமல் அது ஒரு சுள்ளியைக்கூடத் தொடாது. முன்பு ஒருமுறை ஆணை இல்லாமல் தும்மியதற்கு விளக்கம் கேட்டுவிட்டார்களாம்.

ஆணை போட அரசு வேண்டும். அரசு அமைக்கத் தேர்தல் வேண்டும். அந்தக் காட்டில் பௌர்ணமிக்குப் பௌர்ணமி தேர்தல் நடக்கும். டிக்கு இருபது வாக்கு, ளிக்கு இருபது வாக்கு என்பது எல்லாருக்கும் தெரியும். மிச்சம் ஒரு வாக்கு.

செவத்தையா யோசித்துவிட்டு, படிவத்தில் இரண்டு கட்டங்களுக்கும் நடுவிலிருந்த கோட்டின் மேல் ஒரு புள்ளி வைத்தது. அன்று மத்தியானமே கொம்பையா வந்து சேர்ந்தது.

"அக்கா, உங்களைப் பார்த்தா எங்க அம்மா மாதிரியே இருக்கு," என்றது.

"உங்க அம்மா கடமான் ஆச்சே."

"நிறத்துல சொன்னேன். நம்ம கட்சிக்குப் போட்டுருங்க. அந்த மரம் எடிதா போயிரும். நான் வாக்குக் குடுத்தா பொய்க்காது, நாம என்ன வெடியூரா?"

அது போனதும் சேத்தாண்டி வந்தது. உடம்பெல்லாம் சேறு. வந்த வேகத்தில் காராயியின் மேலும் தெறித்தது.

"ஏ காராயி, அந்தக் கொம்பனை நம்பாத. அவன் மரத்துல கொம்பைத் தேய்க்கிறவன், மரத்தை எப்பளி எடுப்பான்? எங்களுக்குப் போடு. நானே நின்னு முளிச்சுத் தர்றேன்."

காராயி இருவரையும் ஒப்பிட்டுப் பார்த்தது. கொம்பையா சேற்றைத் தெறிக்கவிடவில்லை என்பதால் தைப் பௌர்ணமியில் அதற்கு வாக்களித்தது. டி கட்சி இருபத்தொன்றுக்கு இருபது என்ற கணக்கில் வென்றது. மக்கள் பேரலையாகத் திரண்டு தந்த தீர்ப்பு என்று கொம்பையா அறிக்கை விட்டது.

முதல் வாரம் குளிப்பதைத் தடை செய்தார்கள். இரண்டாவது வாரம் ஏற்கெனவே தடை செய்ததைக் கொண்டாடினார்கள். மூன்றாவது வாரம் மரத்தை எடுக்க ஆணை வந்தது. செவத்தையா அதைக் கழுத்து முள்ளிலிருந்து உருவிக் கொடுத்தது. காராயி அதை வாயில் கவ்விக்கொண்டு வேழமுத்துவிடம் ஓடியது.

வேழமுத்து தாளைத் தும்பிக்கையால் தூரத்தில் பிடித்து வாசித்தது. "மரத்தை வெடியே எடுக்கவும்னு போட்டிருக்கு."

"வெளியே எடுக்கணும் அண்ணே. அவங்க அந்த எழுத்தை எழுத மாட்டாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும். கோப்புக்குத் தெரியாதே. வெடின்னா வெடி. பாறை உடைக்கிற எடத்துல இருந்து வாங்கணும். அதுக்கு அனுமதிப் படிவம், பாதுகாப்பு உறுதிமொழி, ரெண்டு சாட்சி. சாட்சி ரெண்டு பேரும் வெடிச்சப்புறமும் உயிரோட இருக்கணும்."

காராயி திரும்பிக் கொம்பையாவிடம் போனது. "ஐயா, ஒரே ஒரு எழுத்து. மாத்திக் குடுத்துருங்க. தண்ணி முழங்காலுக்கு வந்துருச்சு."

"ஒரு எழுத்துன்னு சாதாரணமா சொல்லிட்டீங்க," என்றது கொம்பையா. "இன்னைக்கு அதை விட்டுக்கொடுத்தா, நாளைக்குக் கிடியை என்ன சொல்லிக் கூப்பிடுறது?"

"கிளிதான் ஒண்ணுகூட இல்லையே."

"இல்லாத கிடிக்காகவும் நிக்கிறவங்கதான் நாங்க."

மாசிப் பௌர்ணமியில் காராயி ளி கட்சிக்கு வாக்களித்தது. இருபத்தொன்றுக்கு இருபது. பேரலை இந்தப் பக்கம் திரும்பியதாகச் சேத்தாண்டி அறிவித்தது. பதவியேற்ற கால்மணி நேரத்தில் முந்தைய அரசின் ஆணைகள் எல்லாம் ரத்தாயின. குடிப்பது தடை செய்யப்பட்டது. மரம் பற்றிய புதிய ஆணையும் இந்த முறை பத்தே நாளில் வந்துவிட்டது. காராயிக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

வேழமுத்து வாசித்தது. "மரத்தை உடனளியாக அகற்றவும்."

காராயி கண்ணை மூடிக்கொண்டது. "உடனடியாக அண்ணே."

"உடன் அளியாகன்னு இருக்கு. அளிக்கிறதுன்னா குடுக்கிறது. யாருக்குக் குடுக்கணும்? பெறுபவர் பேர், ஊர், கையொப்பம் ஒண்ணும் காணோம். நான் பாட்டுக்கு யார் கையிலயாவது குடுத்துட்டா நாளைக்கு யார் பதில் சொல்றது?"

காராயிக்கு அன்று மூளை நன்றாக வேலை செய்தது. சேத்தாண்டியிடம் போய், "தலைவரே, உடனேன்னு மட்டும் போடுங்க. அதுல எந்த எழுத்துச் சண்டையும் இல்ல. அவங்களும் சொல்லலாம், நீங்களும் சொல்லலாம்," என்றது.

சேத்தாண்டி சேற்றிலிருந்து எழுந்தே விட்டது. "ரெண்டு கட்சிக்கும் பொதுவா ஒரு சொல்லா? அப்புறம் அவனுங்களுக்கும் எங்களுக்கும் என்ன வித்தியாசம்?"

தண்ணீர் குளம்புக்கு வந்தது. காராயியின் முதுகில் தோல் பாளம் பாளமாக வெடிக்கத் தொடங்கியது. உட்கார்ந்தால் எரிந்தது. நின்றால் ஈ மொய்த்தது. வடக்கே போகலாமா என்று அது ஒரு நாள் முழுக்க வடக்கைப் பார்த்தபடி நின்றது.

அப்போதுதான் வரித்தலை வாத்து பேச்சுக் கொடுத்தது. ஆண்டுதோறும் குளிர்காலத்துக்கு மலைகளைத் தாண்டி வந்து தங்கிப் போகும் பறவை அது. இந்த ஆண்டு குளத்தில் நீந்த இடமில்லாமல் நடந்துகொண்டிருந்தது.

"நாங்க பறந்து வர்ற வழியில இந்த மாதிரி எத்தனையோ காடு பார்த்துட்டோம்," என்றது வாத்து. "ரெண்டே கட்சி இருந்தா இப்படித்தான். அவன் செஞ்சதை இவன் அழிப்பான். வாக்குக்குத் தக்க இடம்னு மாத்துங்க. ரெண்டு வாக்குக்கு அவையில ஒரு இடம். சின்னக் கட்சியும் உள்ள வரும். யாருக்கும் தனியாப் பெரும்பான்மை கிடைக்காது. உக்காந்து பேசி, விட்டுக்கொடுத்துத்தான் ஆகணும்."

"அந்தக் காட்டுலயெல்லாம் தண்ணி வந்துச்சா?"

"நாங்க பங்குனியில கிளம்பிருவோம். தண்ணி வர்ற வரைக்கும் இருந்து பார்த்ததில்ல."

காராயி மறுநாளே இரண்டு தலைவர்களிடமும் போய், முறையை மாற்றாவிட்டால் இனி தன் வாக்கு யாருக்கும் கிடையாது என்றது. இருபதுக்கு இருபது என்றால் அரசே இல்லை. அரசே இல்லாவிட்டால் ஒருவரை ஒருவர் எதற்காகத் திட்டுவது என்று இரண்டு தலைவர்களும் கலங்கினார்கள். முறை மாறியது.

மாறிய மறுநாள் பலகையின் முன் கூட்டம் கூடிவிட்டது. அத்தனை நாளும் ஏதோ ஒரு வரிசையில் தலையைக் குனிந்து நின்றவர்களெல்லாம் அந்த ஓட்டையை உற்றுப் பார்த்தார்கள். போன எழுத்து 'தி' என்றன தவளைகள். குளம் இருப்பது குதிக்க. 'வி' என்றன சாண வண்டுகள். குவிக்க. எதைக் குவிக்க என்று யாரும் கேட்கவில்லை. 'றி' என்றது சிறுத்தை, அது எல்லை குறிக்கிற பிராணி. அதன் மனைவியும் அதையே சொன்னது. கடைசியாக ஊரிலிருந்து வழி தவறி வந்து தங்கிவிட்ட ஒரு நாய், போன எழுத்து 'ரை' என்று அடித்துச் சொன்னது.

"ஓட்டையோட அகலத்தைப் பாருங்க. ஒல்லி எழுத்து இருந்த எடமா இது? குரைக்கலாம்னுதான் இருந்திருக்கு."

நாயின் பெயர் டைகர். வேட்பாளர் பட்டியலை வாசித்தபோது நான்கு மான்கள் மயங்கி விழுந்தன.

பங்குனித் தேர்தலில் டிக்குப் பன்னிரண்டு வாக்கு, ஆறு இடம். ளிக்கும் அதே பன்னிரண்டு, அதே ஆறு. தவளைகளுக்கு நான்கு இடம், வண்டுகளுக்கு மூன்று, சிறுத்தைக்கு ஒன்று. டைகருக்கு விழுந்தது அதன் சொந்த வாக்கு ஒன்றுதான் என்பதால் அரை இடம். அது முன்னங்கால்களை அவைக்கு உள்ளேயும் பின்னங்கால்களை வெளியேயும் வைத்து உட்கார வேண்டும் என்று செவத்தையா விதியைப் பார்த்துச் சொன்னது. காராயி தவளைகளுக்கு வாக்களித்தது. தண்ணீரோடு பிழைப்பவை அவைதானே என்று நினைத்தது. தவளைகள் நன்றி சொல்ல வரவில்லை. யாருமே வரவில்லை. கடைசி வாக்கு என்று ஒன்று இப்போது இல்லை. நிழலில் நின்ற எருமையைக் கடந்து எல்லாரும் டைகரைப் பார்க்கப் போனார்கள்.

ஏனென்றால் டியும் தவளைகளும் சேர்ந்தால் பத்து இடம். அவையில் மொத்தம் இருபதரை. பெரும்பான்மைக்குப் பத்தேகால் தாண்ட வேண்டும். வண்டுகளோடு சேரலாம்தான், ஆனால் அவை பேச்சுவார்த்தைக்கு வரும்போதே குவிக்கும் சரக்கை உருட்டிக்கொண்டு வந்தன. சிறுத்தையோடு பேசப் போன இருவரில் ஒருவர்தான் திரும்பினார். மிஞ்சியது டைகரின் அரை இடம். அதன் உள்ளே இருந்த பாதியிடம் கொம்பையாவும் வெளியே இருந்த பாதியிடம் சேத்தாண்டியும் ஒரே நேரத்தில் பேசினார்கள். டைகர் ஒரு பக்கம் தலையையும் மறு பக்கம் வாலையும் ஆட்டியது.

வாத்து மூட்டை கட்டியது. "விட்டுக்கொடுக்க ஆரம்பிச்சுட்டாங்க. இனிமே கவலையில்ல," என்று காராயியிடம் சொல்லிவிட்டு வடக்கே பறந்தது.

பேச்சு பத்தொன்பது நாள் நடந்தது. எதிர்க்கட்சியாக உட்கார யாரும் சம்மதிக்காததால் ஆறு கட்சிகளும் அரசில் சேர்ந்தன. அதில் ஒரு நன்மை இருந்தது. எல்லா எழுத்துக்கும் அவையில் ஆள் இருந்ததால் எந்த எழுத்தையும் ஒதுக்க முடியவில்லை. கொம்பையா 'ளி' சொல்லப் பழகியது. சொன்ன பிறகு வாய் கொப்பளித்துக்கொள்ளும். சேத்தாண்டியும் 'டி' சொன்னது, கண்ணை இறுக்கிக்கொண்டு.

மரம் பற்றிய பேச்சு மட்டும் இழுத்தது. எடுக்க வேண்டும் என்றன டியும் ளியும். காட்டின் சரித்திரத்தில் அவை ஒன்றாகச் சொன்ன முதல் வாக்கியம் அது. எடுக்கவே கூடாது என்றன தவளைகள். குதிப்பதற்கு அதைவிட நல்ல மேடை இல்லை. மரத்தில் ஏற்கெனவே குறி வைத்தாகிவிட்டது, எல்லை மாறினால் மனைவி கோபிப்பாள் என்றது சிறுத்தை. மரத்தடியில் நாலு மாதச் சேகரிப்பு இருக்கிறது என்றன வண்டுகள். எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் தான் குரைக்க வேண்டும் என்றது டைகர்.

காராயி தினமும் போய் அவைக்கு வெளியே, டைகரின் பின்னங்கால்களுக்குப் பக்கத்தில் நின்றது. குளத்தில் இப்போது இருந்தது தண்ணீர் பட்ட சேறு. சித்திரை பிறந்துவிட்டது.

இருபதாம் நாள் காலை செவத்தையா வெளியே வந்தது. அதன் நடை வேகமாக இருந்தது. "அக்கா, ஆணை வந்துருச்சு. இருபதரைக்குப் பூஜ்யம். ஒருத்தர்கூட எதிர்க்கல."

காராயி வாசிக்கச் சொன்னது.

"வாய்க்காலின் குறுக்கே கிடக்கும் மருத மரத்தை உடனடியாக வெளியே எடுக்கவும். எடுத்த மரத்தை உடனடியாக எடுத்த இடத்திலேயே வைக்கவும். இடைப்பட்ட நேரத்தில் குரைக்கப்படும்."

காராயி இன்னும் கிட்டே வந்தது. "இன்னொரு தடவை வாசி தம்பி."

"மூணு தடவை பார்த்துட்டேன்கா. ஒரு எழுத்துப் பிழைகூட இல்ல. எல்லாரும் சரிபாதி விட்டுக்கொடுத்திருக்காங்க. எடுக்கணும்னவங்களுக்கு முதல் வரி. வேணாம்னவங்களுக்கு ரெண்டாவது வரி."

வேழமுத்துவுக்கு ஆணை மிகவும் பிடித்திருந்தது. "இப்பதான் தெளிவா இருக்கு," என்று சொல்லிவிட்டு வந்தது. காடே கூடி நின்றது. யானை தும்பிக்கையை மரத்தின் அடியில் கொடுத்துத் தூக்கியது. டைகர் குரைத்தது. ஓடைத் தண்ணீர் ஒரு கணம் தயங்கி, பிறகு இரைச்சலோடு வாய்க்காலுக்குள் பாய்ந்தது. இருபத்திரண்டு நொடி. யானை மரத்தை இருந்த இடத்திலேயே, இருந்த வாக்கிலேயே வைத்தது. இடைவெளி எதுவும் இல்லாதபடி காலால் தட்டியும் விட்டது. எல்லாரும் கைதட்டினார்கள். தவளைகள் மரத்தின் மேல் ஏறிக் குதித்தன.

காராயி மட்டும் குளத்தில் நின்று தன் காலைப் பார்த்தது. சேற்றுக்கு மேல் ஒரு விரற்கடைத் தண்ணீர் நின்றது.

கூட்டம் கலைவதற்குள் அது செவத்தையாவைப் பிடித்தது. "தம்பி, ஆணையில எத்தனை தடவைன்னு போட்டிருக்கா?"

செவத்தையா தாளைத் திருப்பிப் பார்த்தது. "இல்லக்கா."

"அப்போ?"

"எத்தனை தடவைன்னு சொல்லாட்டி, எத்தனை தடவை வேணும்னாலும்தான். ஆனா யார் கேப்பா?"

காராயி நேரே கொம்பையாவிடம் போனது. "நல்லா நடந்துச்சுங்க. யாரு திறந்து வெச்சதுன்னுதான் தெரியல."

"எல்லாரும் சேர்ந்துதான் வெச்சோம்."

"அதான் கேட்டேன். எல்லாரும் வெச்சா உங்க பேரை யார் சொல்லப்போறா? அங்க நின்னவங்க சேத்தாண்டின்னு பேசிக்கிட்டாங்க. காதுல விழுந்ததைச் சொன்னேன், தப்பா எடுத்துக்காதீங்க."

பிறகு சேத்தாண்டியிடம் போய்க் கொம்பையாவின் பெயரைச் சொன்னது. தவளைகளிடம் போய் இரண்டு பெயர்களையும் சொன்னது. அன்று சாயங்காலமே டி கட்சி தனியாகத் திறப்பு விழா அறிவித்தது. மறுநாள் காலை ளி கட்சி. மறுநாள் மத்தியானம் தவளைகள்.

விழா என்றால் பேச்சு இருக்கும். பேச்சு முடியும் வரை மரத்தைக் கீழே வைப்பது மரியாதையில்லை என்று வேழமுத்து கருதியது. கொம்பையா வாய்க்காலின் வரலாற்றை நாற்பது நிமிடம் பேசியது. நாற்பது நிமிடமும் தண்ணீர் வந்தது. முடித்து இறங்கும்போது காராயி குளத்திலிருந்து தலையைத் தூக்கி, "கொள்கையைப் பத்தி ஒண்ணும் சொல்லலையேங்க," என்றது. கொம்பையா மறுபடி ஏறியது. தண்ணீர் முழங்காலைத் தொட்டது.

"கொம்பையா ஒண்ணேகால் மணி நேரம் பேசுச்சாம்," என்று மறுநாள் சேத்தாண்டியின் காதில் விழும்படி காராயி சொன்னது. சேத்தாண்டி இரண்டரை மணி நேரம் பேசியது. அதில் இரண்டு மணி நேரம் கொம்பையாவைப் பற்றி. தவளைகள் ஒரே நேரத்தில் நான்கு பேர் பேசியதால் நேரம் மிச்சமாகி, காராயிக்கு ஏமாற்றமாகப் போயிற்று. சிறுத்தை வந்தது, மரத்தைத் தூக்கச் சொல்லி அடியிலும் ஒரு குறி வைத்தது, போனது. பார்வையாளர்கள் அதற்கு முன்பே போய்விட்டிருந்தார்கள். டைகர் அரசில் இருந்துகொண்டே அரசைக் கண்டித்து ஒரு கண்டனத் திறப்பு விழா நடத்தியது.

எல்லாவற்றிலும் பெரிய விழா சாண வண்டுத் தலைவருடையது. அதன் குரல் அதன் கால்களுக்கே கேட்காது. அது எப்போது பேச ஆரம்பித்தது, எப்போது முடித்தது என்று யாருக்கும் தெரியவில்லை. முடிக்காதபோது மரத்தை வைத்துவிட்டால் வம்பாகுமே என்று வேழமுத்து காலையில் தூக்கிய மரத்தை மாலை வரை தூக்கியபடி நின்றது.

"அண்ணே, கை வலிக்கலையா?" என்று கேட்டது காராயி, வயிறு வரை தண்ணீரில் நின்றபடி.

"வலிக்குது. ஆனா ஆணையில வலியைப் பத்தி ஒண்ணும் இல்ல," என்றது யானை.

முதல் சுற்று முடிந்ததும் முதல் சுற்று நிறைவு விழா வந்தது. பிறகு ஆறு கட்சிகளின் நன்றி அறிவிப்பு விழா. மரம் தூக்கப்பட்டதன் பதினைந்தாம் நாள் விழா. யார் பதினைந்தாம் நாளை முதலில் நினைவுகூர்ந்தது என்பதற்காக இரண்டு விழா. குளத்தில் இறங்கியவர் குடிக்கிறாரா குளிக்கிறாரா என்று பார்க்க யாருக்கும் நேரமில்லை. எல்லாரும் மேடையில் இருந்தார்கள். வைகாசி பன்னிரண்டாம் தேதி குளம் நிரம்பி மறுகால் போயிற்று. காராயி கழுத்து வரை கிடந்தது. வாய் தண்ணீர் மட்டத்தில் இருந்தது. தன்னால் உள்ளே போனது.

அடுத்த ஆண்டு ஆனி மாதம் பதினொன்றாம் தேதி, மருத மரம் மக்கி இரண்டாக உடைந்து தண்ணீரோடு போயிற்று. வாய்க்கால் முழுதாகத் திறந்துகொண்டது. அன்று பிற்பகல் அவை அவசரமாகக் கூடி, இருபதரைக்குப் பூஜ்யம் என்ற கணக்கில், வேறொரு மரத்தை வெட்டி அதே இடத்தில் போட ஆணையிட்டது. பன்னிரண்டாம் தேதி காலை மரம் போடப்பட்டது.

நீதி: தண்ணீர் வேண்டுமென்றால் வாய்க்காலை அடைத்து வையுங்கள். திறந்து கிடக்கும் வாய்க்காலை யார் வந்து திறந்து வைப்பார்கள்?